வாய் திறக்காத கெளுத்தி

கோபால்சாமி மீன் அறுத்த நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் மீன் வாங்க வந்தவர்கள் இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், புளி விற்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் எல்லோரும் அவர் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். மலைக்குக் கடல்மீன் வர ஆரம்பித்தே பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

நான் இங்கே அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். சொந்த ஊர் கீழே, போளூர்ப் பக்கம். வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சந்தை நாளில் பள்ளிக்குப் போகும் வழியில் மீன் வாங்கி, வீட்டுக்காரம்மாவின் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். அப்படித்தான் பழக்கம்.

பெட்டியில் கடல் கெளுத்தி இருந்தால் அவர் முதலில் கையில் எடுப்பது கத்தியை அல்ல, கம்பி வெட்டும் குறட்டை. முதுகில் ஒரு முள், இரண்டு பக்கச் செட்டையிலும் ஒவ்வொரு முள். மூன்றையும் நறுக்கிப் பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடுவார். சந்தை முடிந்ததும் அந்த டப்பாவைத் தூரமாகக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைப்பார்.

"செத்து அரை நாளானாலும் கொட்டும் டீச்சர். உசிருதான் போவும், வெசம் போவாது" என்பார்.

சரியாகத்தான் சொன்னார். அந்த முள்ளின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரிப் பல் இருக்கும். மேலே ஒரு மெல்லிய தோல், அந்தத் தோலில்தான் விஷம். முள் உள்ளே போகும்போது தோல் கிழிந்து விஷம் காயத்தில் இறங்கும். பயந்துவிட்டால் கெளுத்தி முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். நாம் எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. உயிர் போன பிறகும் பல மீன்களில் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும்.

கோபால்சாமிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஜமுனாமரத்தூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, சாமையும் கேழ்வரகும் விளைகிற சின்ன ஊரில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு வேலூருக்குப் போய் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கினார். ஆறு வருஷம் தூக்கினார். அங்கே அறுக்கிற பெண்களின் கையைப் பார்த்தே அறுக்கக் கற்றுக்கொண்டு, கல்யாணமானதும் மலைக்குத் திரும்பிவந்து கடை போட்டார். முதல் வருஷம் யாரும் வாங்கவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி கோகிலவாணியே சொல்லிவிட்டாளாம். பிறகு மெல்ல மெல்ல ஊருக்கு நாக்கு பழகியது.

மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அறுத்துப் பார்த்துத் தெரிந்ததுதான். எந்த மீன் எதைத் தின்றிருக்கிறது, எந்த மாதம் எதற்கு முட்டை இருக்கும் என்று சொல்வார். ஒருநாள் சொன்னார்: "சில கெளுத்திக்கு வயித்துல ஒண்ணுமே இருக்காது டீச்சர். குடலு நூலாட்டம் சுருங்கிக் கெடக்கும். ஏதோ நோவு மீனுன்னு தூக்கிப் போட்டுடுவேன்."

நான் தலையாட்டினேன். அதற்கான காரணத்தைக் கல்லூரியில் படித்திருந்தேன். ஆனால் அந்த நிமிஷம் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

நான் சொல்ல வந்தது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. ஆவணி மாதம். மூன்று நாளாக வெயிலே இல்லை. பனி இறங்கிச் சந்தைத் திடலில் பத்தடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆட்களின் குரல் வரும், கொஞ்சம் கழித்துத்தான் ஆள் வரும். வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறிவந்த வண்டி எட்டு மணிக்கு மீன் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது.

நான் போனபோது கோபால்சாமி ஒரு பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"உள்ள ஏதோ கத்துது டீச்சர்."

நானும் குனிந்து கேட்டேன். முதலில் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அது வந்தது. கர்ர்... கர்ர்... பழைய கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக யாரோ திறப்பது மாதிரி. நின்றுவிட்டு மறுபடியும் வந்தது.

கெளுத்தி சத்தம் போடும். பக்கச் செட்டை முள்ளின் அடிப்பாகத்தை அதன் குழியில் உரசி அந்தச் சத்தத்தை எழுப்பும். அதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், பனிக்குள், மூடிய பெட்டிக்குள்ளிருந்து அதைக் கேட்டபோது என் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது.

அவர் மூடியைத் திறந்து ஐஸை ஒதுக்கினார். அடியில் முழங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி. செவுள் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மணி நேரம் கழித்தும் உயிர் இருந்தது. தாடைக்குக் கீழே தொண்டை வீங்கிப் பை மாதிரித் தொங்கியது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

"தொண்டையில எதையோ வெச்சிக்கினு கீது" என்றார். இரண்டு விரலால் வாயைப் பிளக்கப் பார்த்தார். திறக்கவில்லை. கட்டைவிரலைக் கடைவாயில் கொடுத்து நெம்பினார்.

வாய் திறந்தது. உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் உருண்டு விழுந்தன. அரைநெல்லி அளவில், வெளிறிய மஞ்சள் நிறத்தில், முப்பதுக்கு மேல் இருக்கும். கோலிக்குண்டு என்றுதான் கூட்டத்தில் ஒருவர் நினைத்தார். கிட்டே வந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பின்னால் போனார்.

ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கண் இருந்தது. கறுப்பாக, முழுசாக வளர்ந்த கண். மஞ்சள் கருவைச் சுற்றி நூல் மாதிரி ஒரு உடல் வளைந்து கிடந்தது. வால் துடித்தது. கோபால்சாமி கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கண்களும் திரும்பின. அத்தனையும் சேர்ந்து திரும்பியதாகத்தான் எனக்குத் தோன்றியது.

"இன்னா டீச்சர் இது? எல்லாம் என்னியே பாக்குது."

அப்போதுதான் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். முட்டை போடுவதோடு பெண் கெளுத்தியின் வேலை முடிந்துவிடும். ஆண்தான் அதை வாயில் வாங்கிக்கொள்ளும். ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம். குஞ்சு பொரிந்து தானாக நீந்தும்வரை வாயிலேயே வைத்திருக்கும். அத்தனை நாளும் ஒன்றும் தின்னாது. தின்றால் குஞ்சும் உள்ளே போய்விடும்.

"அப்ப இது ஆம்பளயா?"

"ஆமாங்க."

"வயிறு காலியா இருந்ததெல்லாம்?"

"அதுவும் இந்த மாதிரிதான் இருந்திருக்கும்."

அவர் உள்ளங்கையில் கிடந்தவற்றைப் பார்த்தார். பத்து வருஷமாகத் தூக்கிப் போட்ட மீன்களை நினைத்திருப்பார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அந்த மீனின் வாய்க்குள்ளேயே திரும்ப வைக்க ஆரம்பித்தார்.

முள்ளை நறுக்காமல் அவர் கெளுத்தியைக் கையில் பிடித்தது அன்று மட்டும்தான்.

நாலைந்து உள்ளே போயிருக்கும். மீன் ஒரே ஒரு தடவை உதறியது. பக்கச் செட்டை முள் அவர் கட்டைவிரலுக்கு அடியில், சதையான இடத்தில், முழுசாக இறங்கியது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தார். முள் பூட்டிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் நுனி உள்ளேயே உடைந்தது. ஒரு நிமிஷத்துக்குள் காயத்தைச் சுற்றி வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்தது. வலி தோள்வரை ஏறுகிறது என்றார். அந்தக் குளிரில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

இந்த விஷம் சூட்டுக்கு அடங்கும் என்று எனக்குத் தெரியும். டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவரச் செய்து, தாங்குகிற சூட்டில் கையை அமுக்கி வைத்தேன். ஆறினால் மாற்றினேன். அரை மணியில் அவர் முகம் தெளிந்தது.

"மந்திரம் போட்டாப்ல கீது டீச்சர். வலியே காணோம்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுங்க. உள்ள முள்ளு இருக்குது. டி.டி. ஊசியும் போட்டுக்கணும்."

"தோ, கடய ஏறக்கட்டிட்டுப் போறேன்."

எனக்கு வகுப்பு இருந்தது. கிளம்பிவிட்டேன். அன்றைக்கு ப்ளஸ் டூ பிள்ளைகளிடம் வெந்நீர் வைத்தியத்தைப் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைக் கோகிலவாணிதான் எனக்குச் சொன்னாள். அவர் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் துணி சுற்றியிருந்தது, இன்னொரு கையில் வாளி. வாளியில் கல்லுப்புக் கரைத்த தண்ணீர், அதில் அந்தக் கண்கள். பெரிய மீன் சந்தையிலேயே செத்துப்போயிருந்தது. அதை அவர் விற்கவில்லை, புதைத்துவிட்டு வந்தார். வாளியை அடுப்படி மூலையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் சமைக்கக்கொள்ள அதுங்க என்னியே பாத்துக்கினு இருந்துச்சு டீச்சர். அந்தாண்ட போனா அந்தாண்ட திரும்புது. ஒரு தட்டப் போட்டு மூடினேன். அவுரு எட்த்துட்டாரு. மூச்சு முட்டும்ன்றாரு."

மறுநாள் சாயங்காலம் ஒவ்வொன்றாக வெள்ளையாக மாற ஆரம்பித்தன. வெளுத்ததை அவர் கரண்டியால் எடுத்து வெளியே வைத்தார். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொல்லையில் பலாமரத்தடியில் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள்.

அடுத்த சந்தைக்கு அவர் வந்தார். கை எப்படி என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காயம் மூடி, கடுகளவு கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தது. ஊசி போட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் யாரோ சங்கரா மீன் கேட்டார்கள். கேட்காமலே வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம் கோகிலவாணி பள்ளிக்கு ஓடிவந்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றவளுக்கு மூச்சு வாங்கியது.

"டீச்சர், அவுரு வாயி தொறக்க மாட்டேங்குது. நேத்து களி துன்ன முடியல. பல்லு நோவுன்னாரு. இன்னிக்குத் தண்ணி கூட எறங்கல. ஊர்ல இன்னா இன்னாவோ பேசறாங்க."

ஊரில் என்ன பேசினார்கள் என்று வழியில் சொன்னாள். மீனின் வாயைத் திறந்தான், அது இவன் வாயை மூடிவிட்டுப் போயிருக்கிறது. இதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர் கடையில் வாங்கித் தின்றவர்கள்தான். அவர்கள் வீட்டுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

நான் உள்ளே போனேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிந்து, புருவம் மேலே ஏறியிருந்தது. ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. கண்ணில் பயம் இருந்தது. அந்த முகம் இப்போதும் சில நாள் என் கனவில் வருகிறது.

வெளியே யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் முதுகு கட்டிலை விட்டு எழும்பி வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும்தான் கட்டிலில் பட்டிருந்தன. பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெட்டிக்குள் கேட்ட அதே கர்ர்.

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. எனக்குத் தெரியும். பல் பல்லோடு உரசுகிற சத்தம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இது மீனின் கோபமும் இல்லை, விஷமும் இல்லை, டெட்டனஸ் என்று அவளுக்குச் சொன்னேன். உடைந்த முள்ளோடு உள்ளே போன கிருமி. பத்து நாளாக அந்த மூடிய காயத்துக்குள் வளர்ந்திருக்கிறது. 108-க்கு போன் செய்தேன்.

ஆம்புலன்ஸ் கீழே இறங்கியது. நானும் கூடப் போனேன். முதல் வளைவில் சைரன் அலறியதும் அவர் உடம்பு வளைந்தது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. கோகிலவாணி டிரைவரின் பின்னாலிருந்த கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணா, அந்தச் சத்தத்த நிறுத்துங்க. ஆரனும் அடிக்காதீங்க. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவர் பெயர் வேடியப்பன் என்று பிறகு தெரிந்தது. சைரனை அணைத்தார். அதற்கப்புறம் எதிரில் வந்த வண்டிகளுக்கு ஜன்னல் வழியே கையை நீட்டி நீட்டி ஒதுங்கச் சொல்லிக்கொண்டே அந்த மலைப் பாதை முழுவதையும் இறங்கினார். உள்ளே நானும் கோகிலவாணியும் ஆம்புலன்ஸ் உதவியாளரும் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டோம். கோகிலவாணி தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைத் தனி அறையில் வைத்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காதில் பஞ்சு. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குக் குழாய், மூக்கு வழியாகச் சோற்றுக்குக் குழாய். உள்ளங்கையை அறுத்து முள்ளை எடுத்தார்கள். நர்ஸுகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வெளிச்சமும் சத்தமும் படக்கூடாது என்றார் டாக்டர். இருபத்தேழு நாள் அப்படி இருந்தார். கோகிலவாணி நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். நான் சனிக்கிழமைகளில் போனேன். யாரும் பேசாத இடத்தில் இருந்து இருந்து அவளும் பேச்சை மறந்தவள் மாதிரி ஆகியிருந்தாள். கேட்டதற்குக் கையால் பதில் சொன்னாள்.

உள்ளே என்ன நடந்தது என்று கோபால்சாமி என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். நினைவு தப்பியிருந்தாலும் முழுசாகத் தப்பவில்லையாம்.

"வாயில இருந்துச்சு டீச்சர். முப்பத்தெட்டு. நாக்கால எண்ணுவேன். மெதுவா பொரளும். நான் வாயத் தொறந்தா கீழ உழுந்துடும். அவங்க மருந்து குத்தி வாயத் தளத்தப் பாக்கறாங்க, நான் இறுக்கிக்கறேன். சாவு பயம் இல்ல. உழுந்துடுமேன்ற பயம்தான்."

மருந்து மயக்கத்தில் இப்படித் தோன்றுவது உண்டு என்று டாக்டர் கோகிலவாணியிடம் சொல்லியிருந்தார். தாடை தளர்ந்த அன்று அவள் அறைக்குள் இருந்தாள். வாய் முதல் முறை திறந்தபோது அவர் இரண்டு கையையும் தூக்கித் தாடைக்குக் கீழே குழித்து வைத்தாராம். வெறும் எச்சில்தான் வடிந்தது. அவர் கையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்தார்கள். பாதி உடம்புதான் இருந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை, கத்தி பிடிக்க முடியாது. கோகிலவாணி கத்தியை எடுத்தாள். தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் அறுத்தாள். முதல் மாதம் கடைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. பேருக்கு எட்டுப் பத்துக் கிலோ வரவழைத்து, மிச்சத்தை உப்புப் போட்டுக் காயவைத்தாள். தை பிறந்ததும் ஆம்புலன்ஸ் டிரைவர் வேடியப்பன் ஒரு சந்தை நாளில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து இரண்டு கிலோ வாங்கினார். எல்லோர் முன்னாலும், "கை நல்லாக் கீதாண்ணா?" என்று கேட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆவணியிலும் கடையில் கெளுத்தி இல்லை. அந்த மாதம் மட்டும் அனுப்ப வேண்டாம் என்று கோபால்சாமி வேலூர் மொத்த வியாபாரியிடம் சொல்லிவிட்டாராம். வியாபாரி சிரித்தாராம், ஆனால் அனுப்பவில்லை. அந்த மாதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. கோகிலவாணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆவணி பொறந்தா அவுருக்குச் சோறு எறங்க மாட்டேங்குது டீச்சர். கேட்டா பசிக்கலன்றாரு. தூங்கக்கொள்ள வாய இறுக்கி மூடிக்கினு கீறாரு. நான் மூக்குகிட்ட கை வெச்சிப் பாத்துட்டு அப்பறம் படுப்பேன். மாசம் முடிஞ்சா தானா சரியாப்பூடுது."

டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு பாரம் இருந்துகொண்டே இருந்தது. அதை அவரிடம் சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் கூட்டம் குறைந்திருந்தபோது சொன்னேன்.

"நான் வெந்நீர் வெக்காம இருந்திருந்தா, வலி தாங்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. வலிய நான்தான் எடுத்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"வலி இருந்தாலும் போயிருக்க மாட்டேன் டீச்சர். அதுங்கள வாளியில போட்டு வெச்சிருந்தேன். லைன்ல நின்னா நேரமாயிடும், அதுக்குள்ள செத்துடும்னு வூட்டுக்கு ஓடினேன். ஊசி போடச் சொன்னதும் நீங்கதானே. நான்தான் போவல."

கோகிலவாணி எனக்கு அரைக் கிலோ வஞ்சிரம் நிறுத்து, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்தாள். வறுக்க வேண்டாம், இன்றைக்கு மீன் கொஞ்சம் இளசு, குழம்பு வையுங்கள் என்றாள்.